பல்லாண்டு வால்க

ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து நடத்தும் கேக் கடை அது. மூத்தவளுக்கு வாய் நீளம். அதில் பாதியை அவள் தனக்கே செலவழித்துவிடுவாள். க்ரீம் திரிந்தாலோ கேக் அடிப்பிடித்தாலோ நெற்றியில் நறுக்கென்று குட்டிக்கொண்டு, "கழுதை! உனக்கெல்லாம் எதுக்குடி கடை?" என்பாள். என் தலை, என் கை, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவள் கட்சி.

இளையவள் கடைக்கு வர ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அவள் நாக்குக்கு ழகரம் வராது. அந்தக் கோளாறு அன்று கைக்கும் இறங்கிவிட்டது. ஒரு தம்பதியின் கல்யாண நாள் கேக்கில் சிவப்பு க்ரீமால், சுற்றிலும் ரோஜா வைத்து, "பல்லாண்டு வால்க" என்று எழுதியிருந்தாள்.

தம்பதி வருகிற நேரம். மூத்தவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் இளையவள் தன் நெற்றியில் தானே ஓங்கிக் குட்டிக்கொண்டாள்.

"கழுதை! உனக்கெல்லாம் எதுக்குடி கடை?"

வார்த்தை மாறவில்லை, குரல்கூட மாறவில்லை. மூத்தவளுக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பாவிப் பெண், நம்மிடம் கேக் போட மட்டும் கற்றுக்கொண்டிருக்கக் கூடாதா?

இளையவள் ஏப்ரனை அவிழ்த்தாள். "எனக்கு இதெல்லாம் சரிப்படாதுக்கா. நாளையிலேருந்து நான் வரல."

அவளைப் போகவிடக் கூடாது. ஆனால் ஆறுதலாகப் பேசி மூத்தவளுக்குப் பழக்கமே இல்லை. தொண்டை வரை வந்ததெல்லாம் வசவுதான். அதை விழுங்கினாள்.

"ஒரு எழுத்துதானே, விடு. அந்த ரெண்டு பேரையும் பாத்திருக்கேன். வாலு வச்சாலும் நல்லாத்தான் இருக்கும்."

இளையவள் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். "நீங்க எழுதியிருந்தா உங்கள இப்படி விட்டிருப்பீங்களா?"

"நான் வேற, நீ வேற."

"அது எப்படிக்கா?"

மூத்தவள் கத்தியை எடுத்துத் தப்பான எழுத்தை வழிக்கப் போனாள். கத்தி வழுக்கி, பக்கத்து ரோஜா நசுங்கியது. பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா? "கழுதை" என்றபடி அவள் கை நெற்றிக்குப் போனது.

இளையவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அக்காவ அடிக்காதீங்க."

மூத்தவளுக்குப் பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. அப்போது பார்த்துத்தானா தம்பதி கதவைத் திறந்துகொண்டு வர வேண்டும்? இளையவள் பிடித்த கையை விடாமலே திரும்பினாள்.

"கொஞ்சம் உக்காருங்க. நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம், சரி பண்ணித் தர்றோம்."