கீழிமைக்குள் மருந்து

மழை இருட்டியது. மாங்குளத்துக்கு அப்பால் தார் ரோட்டோரம் காயப் போட்ட நெல்லைக் கூட்டி அள்ள ஆள் காணாது. வீட்டில் இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியால் அனுப்பியிருந்தும், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜெயரூபி சாக்குப் பிடிக்க வந்துவிட்டாள்.

அவளுடைய இடது கண் சண்டைக் காலத்தில் செல் குண்டின் துண்டு பட்டுப் போனது. மிஞ்சிய வலது கண்ணை, நெல் தூற்றும்போது பறந்த சுணை கீறிப் புண்ணாக்கிவிட்டது. மணிக்கொரு தரம் துளிமருந்து விடவேண்டும். புருசனும் பெண்சாதியும் வயலில் நின்றால் யார் விடுவது? அதனால் கண் டொக்டர் புதிதாக வந்த ஒன்றை வைத்தார். நகத்துண்டளவு மெல்லிய தாள். கீழிமைக்குள் கிடந்து, கண்ணீரில் கரைந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

"கசக்கக் கூடாது. விழுந்தால் உடனை வாங்கோ. புண் ஆழமாப் போனால் பிறகு பார்வை தப்பாது" என்றார்.

போத்தல் மருந்தென்றால் குறைவது தெரியும். இது உள்ளே கிடக்கிறதா, விழுந்துவிட்டதா? உறுத்தினால் பயம். உறுத்தாவிட்டால் அதைவிடப் பயம்.

லொறி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. உறுத்தல் தாங்காமல் ஜெயரூபி கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணீர் ஓடியது.

பக்கத்தில் நின்ற நாகேஸ்வரி, புருசனின் தமக்கை, முதல்நாள்தான் பளையிலிருந்து உதவிக்கு வந்தவள். அங்கே கண்ணில் உமி விழுந்தால் ஊரே அவளைத்தான் கூப்பிடும். தாவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"வேண்டாம் மச்சாள், ஆஸ்பத்திரியிலை தொடக்கூடாதெண்டவை."

"ஆஸ்பத்திரிக்காரர் நெல்லுக்கை நிண்டவையே? உமி மினுங்குது. ஆடாதையடி."

சேலைத் தலைப்பு ஒருதரம் ஒற்றியது. அவ்வளவுதான்.

"பார், எவ்வளவு பெரிய செதில்!"

"ஐயோ, அது மருந்து!"

நாகேஸ்வரியின் முகம் செத்துப்போனது. "திருப்பி வைப்பம்" என்று எச்சில் தொட விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். ஜெயரூபி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

புருசன் பிரதாபன் ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தான். "வைச்சுப்போடாதேங்கோ! இப்பவே கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று தாதி கத்தினாள்.

மழையின் முதல் துளி நெல்லில் விழுந்தது. பிரதாபன் நெல்லைப் பார்த்தான். ஒரு போகம் முழுக்க ரோட்டில் கிடந்தது.

"என்னடா பார்க்கிறாய்? நெல்லை நான் பார்க்கிறன். அவளை ஏத்து!" என்றாள் நாகேஸ்வரி.

மோட்டார்சைக்கிளின் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள் ஜெயரூபி. வழியெல்லாம் இருட்டு. இனி எப்போதும் இப்படித்தானோ? புருசனின் சட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"புண் கூடேல்லை. வேறை வைக்கிறன். இனி வயல் பக்கம் கண்டால் நான் மருந்து தரமாட்டன்."

வீட்டுக்கு வந்தபோது நாகேஸ்வரி நனைந்தபடி வாசலில் நின்றாள். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"பாதி நெல் நனைஞ்சு போச்சுது. உனக்கு எப்படி?"

"வேறை வைச்சிருக்கினம். கிட்ட வாங்கோ மச்சாள். கிடக்குதோ எண்டு பாருங்கோ."

"நான் தொடமாட்டன்."

"தொடவேண்டாம். பாருங்கோ."

கட்டிய கையை அவிழ்க்காமலே நாகேஸ்வரி குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"கிடக்குது."

ஜெயரூபி கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள்.

"இன்னொருக்காப் பாருங்கோ."