பெர்பெத்துவா மறுபடி வாங்கினாளா?

1

"மூணு தடவை தோத்துட்டு நாலாவது தடவையும் காசு கட்டுறதுக்குப் பேரு வீரமாய்யா?"

"உயிரோட இருக்கும்போது ஆடாம, கல்லறையில போயா ஆடுவாங்க?"

இந்தச் சண்டையிலிருந்துதான் கதை பிறந்தது. ஒட்டுக்கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன். பசாய் நகரச் சந்தை மாடியில் ஞாயிறு மதியம் போக்கர் நடக்கும் கூடத்தில் யார் குரலும் ரகசியம் கிடையாது.

கத்தியவள் பெர்பெத்துவா; சாப்பாட்டுக்கடை நடத்தும் விதவை. வாங்கிக் கட்டிக்கொண்டவர் சிரியாகோ. ஜீப்னி என்ற சிறு பேருந்தை ஓட்டி ஓய்ந்தவர். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து என்னைக் கட்டிக்கொள் என்று அவளைக் கேட்டுக்கொண்டிருப்பவர்.

2

[முதலில் எழுதியது: "பெர்பெத்துவாவின் விழிகளில் ஒரு பெருந்துயர்…" அடித்துவிட்டேன். அந்த விழிகள் எதிராளியின் சீட்டைத்தான் தேடும்.]

விதி இதுதான். கட்டிய காசுக்குத் தரும் சில்லுகள் முதல் மணி நேரத்துக்குள் தீர்ந்தால் மறுபடி பணம் கட்டி உட்காரலாம், அது ரீபை. இடைவேளையில் இன்னும் ஒரே ஒரு முறை எல்லோரும் கூடுதல் சில்லு வாங்கலாம், அது ஆட்-ஆன். அப்புறம் போனால் போனதுதான்.

பெர்பெத்துவா இரண்டையும் தொட்டதில்லை. ஒரு தடவை கட்டுவாள். தோற்றால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராணி மாதிரி இறங்கிப் போவாள். புருஷன் விஷயத்திலும் அதே பேச்சு: "ஒருத்தன் வந்தான், போயிட்டான். போதும்."

(நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சீட்டையும் புருஷனையும் சேர்த்து இந்த முடிச்சைப் போட்டது நானில்லை, மீன்காரி லிகாயா. நான் திருடிக்கொண்டேன்.)

3

அன்று எவனோ ஒரு கிறுக்கன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சில்லையும் தள்ளி, அவளுடைய இரண்டு ராஜாக்களை அடித்துவிட்டான். அவளிடம் ஒரு பிடி சில்லுதான் மிச்சம். இடைவேளை மணி அடித்தது. எல்லோரும் காசாளரிடம் ஓடினார்கள். அவள் அசையவில்லை. வரிசையில் நின்ற சிரியாகோ திரும்பி வந்தார்.

"வாங்கலியா?"

"வாங்கினா தோத்தேன்னு ஆகும்."

"யாரு சொன்னா? இந்த மேசையில ஆடத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். நான் எத்தனை தடவை வாங்கினாலும் தண்டம். வாங்க வேண்டியவ வீம்பா உக்காந்திருக்கா, வாங்கக் கூடாதவன் வரிசையில நிக்கிறான். நல்லாவா இருக்கு?"

நோட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் இன்னிக்கு வாங்கலை. போதும்."

எனக்கு இந்த ஆள்மேல் சந்தேகம். நான் எழுதிவைத்திருந்த சிரியாகோ ஓர் அசடு. இப்படிப் பேச அவருக்கு வராது. ஆனால் பேசினார், என் காதால் கேட்டேன். அசடு என்றதை அடித்துவிட்டு மறுபடி எழுதவேண்டியதாகிவிட்டது.

பெர்பெத்துவா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தப் புத்தியை இவ்வளவு நாளா எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?"

எழுந்தாள்.

4

முடிவு ஒன்று: நேராகக் காசாளரிடம் போனாள்.

முடிவு இரண்டு: தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்த ஒரு பிடிச் சில்லோடே தலைநிமிர்ந்து ஆடினாள்.

முடிவு மூன்று: அவள் எழுந்த அந்த நொடியில்…

…லிகாயா வந்து என் முன்னால் நின்று மறைத்துவிட்டாள். பெர்பெத்துவாவின் பக்கத்துவீட்டுக்காரியாக இத்தனை வருஷத்தில் நான் கோட்டைவிட்டது இந்த ஒன்றைத்தான். பிறகு பெர்பெத்துவாவிடமே கேட்டேன். "உனக்கெதுக்குடி அது?" என்றாள், தாடையைத் தூக்கி.

ஆகவே வாங்கினாளா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கிறிஸ்துமஸுக்கு முன்னால் கோயிலில் பாதிரியார் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள், "சம்மதம்" என்ற அவள் குரல் வாசல்வரை கேட்டது. புத்தாண்டு கழிந்து இருவரும் சிரியாகோவின் ஊரான இலோயிலோவுக்குக் குடிபோனார்கள்.