கொண்டைக்கடலைத் தண்ணீரில் விழுந்த உப்பு

1

இந்தக் கதை எனக்கு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இதுல முட்ட கிட்ட சேக்குறாகளா? பாத்துச் சொல்லுங்க" என்றார். வீடியோவில் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை நுரைக்க அடித்து, சீனிப்பாகு ஊற்றி, ரொட்டியில் தடவும் மார்ஷ்மெல்லோ என்கிற இனிப்பு நுரை க்ரீம் செய்கிறார்கள். முட்டையும் இல்லை, பாலும் இல்லை என்றேன்.

"அப்ப எம்மக திம்பாளா?"

பதில் சொல்வதற்குள் அவர் ஊர் வந்து இறங்கிவிட்டார். கேள்வி மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. இனி வருவதெல்லாம், அந்த அம்மாளுக்கு முருகேஸ்வரி என்று வைத்த பெயர் உட்பட, நானாகக் கட்டியது.

2

'கரிசலில் வெயில் கொளுத்திக்கொண்டிரு' (வேண்டாம். எத்தனை பேர்தான் வெயிலில் தொடங்குவது!)

'முருகேஸ்வரி கோழியைத் தூக்கியபோது அது அவள் கையில்' (முடியவில்லை.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். முருகேஸ்வரியின் தம்பி மருதுபாண்டி திருப்பூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். ஆக்கிப்போட வீட்டில் வேறொன்றும் இல்லை. மகள் அனுசியா குஞ்சிலிருந்து வளர்த்த கோழி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பசியில் மறுசோறு வாங்கிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். கை கழுவிய பிறகுதான் கோழியைத் தேடினாள்.

அன்றிலிருந்து கறி, முட்டை, பால், தயிர் எதையும் தொடுவதில்லை. அம்மாவிடம் பேச்சும் இல்லை. தன் சோற்றைத் தானே வடித்துக்கொள்கிறாள். முருகேஸ்வரிக்கு அதுதான் தாங்கவில்லை.

3

கடலையை வேகவைத்து, தண்ணீரை வடித்து, கெட்டியாக வற்றவைத்து ஆறவிட்டாள். வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ரேணுகாதேவியிடம் நுரைக்க அடிக்கும் பீட்டர் மிஷினை இரவல் வாங்கி வந்தாள்.* பழுப்புத் தண்ணீர் வெள்ளை வெளேரென்று பொங்கியது. எலுமிச்சைச் சாறு விட்டு, சூடான பாகைச் சன்னமாக ஊற்றினாள். தூக்கிய கரண்டியில் நுரை சரியாமல் நின்றது. தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு! சுண்டல் வேகவைத்தே பழகிய கை, கடலையைக் கண்டதும் தானாகப் போட்டிருக்கிறது.

(*முதலில் மத்துதான் கொடுத்திருந்தேன். நானே வீட்டில் கடைந்து பார்த்தேன், தோள்பட்டை வலிதான் மிச்சம்.)

4

'இன்னும் கொஞ்சம் சீனியைக் கொட்டி, ஒன்றும் தெரியாதவள் போல ரொட்டியில் தடவி நீட்டினாள்.' இப்படித்தான் எழுதியிருந்தேன். மகள் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், சுபம். படித்துப் பார்த்தேன். மறுபடியும் சொல்லாமல் போடுவதா? அடித்துவிட்டேன்.

இன்னொரு முடிவில் மகள் ரொட்டியைத் தட்டிவிட்டாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. அதையும் அடித்தேன்.

5

அனுசியா அடுப்படிக்கு வந்து கிண்ணத்தைப் பார்த்தாள்.

"என்னதும்மா இது?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த பேச்சு. முருகேஸ்வரி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"கொண்டக்கடலத் தண்ணி, சீனி, எலுமிச்சம்பழம். முட்ட இல்ல, பால் இல்ல. பழக்கதோசத்துல உப்புப் போட்டுட்டேன் தாயி. நீ வாயில வைக்கும் முன்ன சொல்லிப்புடுறேன்."

"அன்னைக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"சொன்னா திங்க மாட்ட, பசியோட வந்தியேன்னு..." முருகேஸ்வரி நிறுத்திக்கொண்டாள். "இல்லத்தா. அறுக்கும் முன்னயே உன்னையக் கேட்டுருக்கணும்."

அனுசியா கரண்டியை எடுத்தாள்.

நான் இங்கேயே நின்றுகொள்கிறேன். அவளைக் கேட்காமல் ஒரு தடவை அவளுக்கு ஊட்டியாகிவிட்டது. நீங்களும் அவசரப்பட்டு அந்தக் கரண்டியை அவள் வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள்.