சர்க்கரை இனிக்காத நாக்கு

1

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மண் மாதிரி இருக்கும் என்றார்கள். நம்பாமல் மென்றேன். மண்தான். கதை அங்கேயே முளைத்துவிட்டது. மீதியெல்லாம் நான் சேர்த்தது.

2

முதல் வரி: ஆய்வுக்கூடத்தில் எலிகள் உறங்கிக்கொண்டிருந்த ஒரு...

(வேண்டாம். எலி உறங்கினால் எனக்கென்ன?)

சரி, நேராகச் சொல்கிறேன். கதையில் ஓர் அக்கா, ஒரு தம்பி. அந்த இலை ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்குமா என்று சோதிக்கும் கூடத்தில் தம்பிக்கு வேலை. பாதி எலிகளுக்கு இலைச்சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். பிறகு வால்நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்துப் பார்ப்பான். அங்கே முடிவு இன்னும் வரவில்லை. வீட்டில் அக்காவுக்கு வந்துவிட்டது.

3

அக்கா தையல்காரி, பல வருடச் சர்க்கரைக்காரி. தம்பி பேச்சுவாக்கில் சொன்ன இலையைத் தேடிப் பிடித்து மென்றாள். மாத்திரையை நிறுத்தினாள்.

"நாக்குலயே சர்க்கரை நிக்கலடா. ரத்தத்துல எங்க நிக்கப் போகுது?"

"அது நாக்கை ஏமாத்துதுக்கா! கால் புண்ணு ஆறவே இல்ல, பாத்தியா?"

"செருப்பு கடிச்சது."

"விரலைக் குடு, குத்திப் பாத்துடலாம்."

"நான் என்ன உன் எலியா?"

(அக்காவை முட்டாளாக்குகிறேனோ? இல்லை. அம்மாவுக்குக் காலை எடுத்தது இதே நோயில்தான். மாத்திரை அட்டையைப் பார்த்தாலே அவளுக்கு அந்தக் கால் ஞாபகம். வெறும் பயம். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.)

4

"சோதனைன்னா இலை திங்காத ஆளும் ஒண்ணு வேணும். அது நான்," என்று தம்பி தன் விரலில் குத்திக்கொண்டான். வலிக்காது என்று காட்டத்தான்.

மீட்டரில் எண் வந்தது. தம்பி மீட்டரைத் திருப்பிப் பிடித்தான். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, போன மாசம் எனக்கு வந்ததை விட அதிகமா இருக்கு?"

"மெஷின் கோளாறுக்கா."

"ஆமாமா. செருப்பு கடிச்சிருக்கும்."

5

இரண்டு முடிவுகள் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன். அக்காவின் எண் குறைந்திருந்தால் நீங்கள் இலை தேடிக் கிளம்புவீர்கள். கூடியிருந்தால், நல்லவேளை நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டுவீர்கள். தம்பியும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

இப்போது அக்கா மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, விரலை நீட்டியிருக்கிறாள்.

"குத்துடா."

தம்பி ஊசியை என் பக்கம் தள்ளுகிறான். நான் உங்கள் பக்கம். நீங்கள் கொஞ்சம் வாருங்கள்.

புது ஊசிதான். பிடியுங்கள்.