ஏலத்துக்கு வந்த மடக்குக் கத்தி

ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்தபோது பாக்கியசீலனின் கையில் கத்தி விரிந்தபடியே இருந்தது. ஸ்தோத்திரப் பண்டிகைக்குச் சபையார் கொண்டுவந்த காணிக்கைகள் ஆலயத்தின் முன்பக்கம், பலிபீடத்தின் படிகளை ஒட்டிக் குவிந்து கிடந்தன. வாழைத்தார்கள், தேங்காய்கள், முருங்கைக்காய்க் கட்டுகள், ஒரு ஓலைப்பெட்டி நிறைய உடன்குடிக் கருப்பட்டி. சேவல்கள் மட்டும் காலைக் கட்டி வாசலில் விடப்பட்டிருந்தன. அவை அங்கிருந்தே பாடகர் குழுவோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தன. சரிந்து கிடந்த ஒரு தாரைத் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மிச்சக் கயிற்றை அறுத்தெறிந்து, அப்பாடா என்று திரும்பினால் நடுவழியில் ஹெப்சிபா வந்துகொண்டிருந்தாள். அவருடைய வீட்டம்மா. இடுப்பில் தடியங்காய்ப் பூசணி, முகத்தில் பண்டிகைச் சிரிப்பு. பாக்கியசீலன் அவசர அவசரமாகக் கத்தியை மடக்கி, கைக்கு எட்டிய கருப்பட்டிப் பெட்டிக்குள் ஆழச் செருகிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் போல வாழைத்தாரைத் தடவிக்கொடுத்தார்.

ஆளைக் கொல்லும் கத்தியொன்றும் இல்லை அது. நடுவிரல் நீளத்துக்கு அலகு, தேய்ந்து வழவழத்த மரப்பிடி, இரண்டு பித்தளை ஆணி. உதவிபெறும் பள்ளியொன்றில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில் டவுன் ரத வீதியில் வாங்கியது. பார்சல் பிரிக்க, பென்சில் சீவ, கொய்யாக்காய் நறுக்க என்று அதற்கு அன்றாடம் வேலை இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொள்வதில் பாக்கியசீலனுக்கென்று ஒரு சட்டதிட்டம் உண்டு. கத்தி இடது கால்சட்டைப் பைக்குள்தான் இருக்கவேண்டும், தனியாக. சில்லறையும் சாவியும் வலது பக்கம். அவை பக்கத்தில் வந்தால் பிடியைக் கீறிவிடும். அடியில் ஒரு கைக்குட்டையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல்தான் கத்தியைப் படுக்கவைப்பார். பின்பக்கப் பையில் வைக்கிறவன் பஸ் சீட்டில் விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பான். சாவிக்கொத்தில் தொங்குகிற கத்தி இருக்கிறதே, அதில் கத்தரிக்கோல் உண்டு, நகவெட்டி உண்டு, மூடி திறப்பான் உண்டு, வெட்ட மட்டும் வராது. யாராவது கத்தி கேட்டால் கொடுக்கவே மாட்டார். வெட்டவேண்டியதைக் கையில் வாங்கி, தானே வெட்டிக் கொடுப்பார். கருமித்தனம் இல்லை. அந்தக் கத்தி அவருக்கு மட்டும்தான் திறக்கும். பிடியின் வால்பக்கத்து ஆணியைப் பெருவிரலால் இடப்பக்கம் லேசாக அழுத்திக்கொண்டு இழுக்கவேண்டும். மற்றவர்கள் இழுத்து நகத்தை ஒடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். வேஷ்டியில் பை கிடையாது, ஜிப்பாப் பையில் போட்டால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அவருடையது பெரிய எழுத்து வேதாகமம். அதன் ஜிப் வைத்த தோலுறையின் உள்மடிப்பு, அளவெடுத்துத் தைத்த மாதிரி கத்திக்குப் பொருந்தியது.

இதெல்லாம் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் வரைக்கும்தான். ஏதோ ஒரு ஊரில் மாணவன் பையில் அரிவாள் இருந்தது என்று செய்தி வந்து, போகிற வருகிற வண்டிகளையெல்லாம் போலீஸ் நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்த நேரம். ஸ்கூட்டரில் பட்டுப்புடவையோடு ஹெப்சிபா பின்னால் உட்கார்ந்திருக்க, வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு புது எஸ்.ஐ. கையைக் காட்டினார். இடது பையிலிருந்து கத்தி வெளியே வந்தது.

"இதை வச்சிக்கிட்டு எங்க போறீங்க?"

"கல்யாண வீட்டுக்கு சார்."

"கல்யாண வீட்டுக்கு எதுக்குய்யா கத்தி?"

உண்மையில் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. கத்தி எப்போதும் இருக்கும், அவ்வளவுதான். பெயர், வேலை, முகவரி எல்லாம் விசாரித்து முடிக்கும்வரை இருவரும் ரோட்டோரம் நின்றார்கள். சபைக்காரர்கள் நிறைந்த வேன் ஒன்று மெதுவாகக் கடந்துபோனது. ஜன்னலுக்கு ஒரு தலையாக எட்டிப் பார்த்தது. கடைசியில் எஸ்.ஐ. கத்தியைத் திறக்க முயன்று, முடியாமல், "இது கத்தியே இல்லய்யா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அது வேறு அவமானம்.

ஹெப்சிபா அன்று கல்யாண வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பும்போது ஆற்றுப்பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "அந்தக் கத்தி வேணுமா, நான் பின்னால உக்காரணுமா? இப்பமே சொல்லுங்க" என்றாள். குரலில் அழுகை இருந்தது. பாக்கியசீலன் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார். கை கத்திக்குத்தான் போனது, சத்தியமாக. ஆனால் வெளியே வந்தது வலது பையிலிருந்த மாடிப்பூட்டு. எண்ணெய் விட்டுச் சரிசெய்யக் கொண்டுவந்தது. கனமான பித்தளைப் பூட்டு. தாமிரபரணியில் அது விழுந்த சத்தம் பின்னால் நின்ற அவளுக்கு நன்றாகவே கேட்டது. "ஸ்தோத்திரம்" என்று சொல்லி அவள் ஏறி உட்கார்ந்து அவர் தோளில் கைவைத்தாள். அந்தக் கையின் பாரம் அவரைவிட்டு இறங்கவே இல்லை.

அன்றிலிருந்து கத்தி வேதாகம உறையிலேயே குடியிருந்தது. வாரநாளில் அலுவலகத்துப் பார்சல் சணலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். ஞாயிறு காலை மட்டும் உறையைத் திறந்து தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஒருமுறை அலகின் இடுக்கில் கேக் துணுக்கு ஒட்டியிருந்தது. எறும்பு வந்துவிடுமே என்று துடைத்து வைத்தாரே தவிர, கேக் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. திருட்டுத்தனம் பண்ணுகிற மனிதனுக்கு யோசிக்க வேறு எவ்வளவோ இருக்கிறது.

குருவானவரின் பிரசங்கம் அன்று கொஞ்சம் நீளம். பாக்கியசீலன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கண் கருப்பட்டிப் பெட்டியிலேயே இருந்தது. பலிபீடத்தில் வைத்தது வைத்ததுதான், எடுக்க முடியாது. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும், வேண்டுமென்றால் ஏலத்தில் எடுத்துக்கொள்ளலாம். போன வருடம் வேதமுத்து சார் தேங்காய்க் குவியல் மேல் மறந்து வைத்த குடையைக்கூட விடவில்லை, அவருடைய குடையை அவரே ஏலத்தில் எடுத்துப் பிடித்துக்கொண்டு போனார். சரி, பெட்டியோடு கருப்பட்டியை எடுத்துவிடலாம் என்று முடிவுசெய்தார். கருப்பட்டி வாங்கினால் ஹெப்சிபா ஏன் என்று கேட்கப்போவதில்லை. அப்படி நினைத்ததும்தான் கடைசிப் பாட்டில் அவரால் வாயசைக்க முடிந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஏலம் நடந்தது. கமிட்டி மெம்பர் அதிசயராஜ் அண்ணாச்சிக்கு மைக் தேவையில்லை, இருந்தாலும் பிடித்திருந்தார். சேவல்கள் போயின, தார்கள் போயின. கருப்பட்டிப் பெட்டி மேசைக்கு வந்ததும் பாக்கியசீலன் முன்னால் நகர்ந்தார். அண்ணாச்சி பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மொத்தமா எடுக்க யாருக்கு முடியும்? எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுக்கட்டும்" என்று அப்படியே மேசையில் கவிழ்த்தார். கருப்பட்டிகளுக்கு நடுவே டக்கென்று விழுந்தது கத்தி.

"ஏ, இதப் பாருங்கவே! கருப்பட்டி வச்சவாளுக்கு எம்புட்டுக் கரிசனம், உடைக்கக் கத்தியும் சேத்துல்லா வச்சிருக்காவ!"

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி கத்தியைத் திறக்கப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். "தொறக்க மாட்டேங்கு. பரவால்ல, காணிக்கைன்னு வந்துட்டு. யாரு கேக்கீங்க?"

பாக்கியசீலன் பெண்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. பக்கத்தில் நின்ற ஜெய்சன்தான் கழுத்தை நீட்டினான். பெங்களூரில் வேலைபார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கே திரும்பிவந்து கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன், ஆராதனையில் கிட்டார் வாசிப்பவன். ஜீன்ஸ் பையின் ஓரத்தில் கிளிப் போட்டு ஒரு கறுப்புக் கத்தி எப்போதும் மாட்டியிருப்பான். மேலே பாதி தெரியும்.

"மாமா, நல்ல பழைய சாமான். அந்தக் காலத்து இரும்பு" என்று காதோரம் சொன்னான். "எடுத்து, பிடியில ரெண்டு ஓட்ட போட்டு கிளிப் ஒண்ணு அடிச்சா, சும்மா ஒத்தக் கையால உருவலாம்."

"ஓட்ட போடப் போறியாலே?"

"பின்ன? பாக்கெட்டுக்குள்ள போட்டுத் துழாவிக்கிட்டா இருக்க முடியும்?"

"லே, கத்தின்னா வேலை வரும்போதுதான் வெளிய தெரியணும். ஓரத்துல தொங்கப் போட அது என்ன பேனாவா?"

ஜெய்சன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். "உங்ககிட்ட இருக்கா மாமா?"

"இருந்துச்சு" என்றார் பாக்கியசீலன்.

ஜெய்சன் நூறு ரூபாய் என்றான். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்காத கத்தியை யார் கேட்பார்கள்? ஒரு தரம் என்றார் அண்ணாச்சி. பாக்கியசீலன் கையைத் தூக்கினால் பாலத்திலிருந்து விழுந்தது என்ன என்று ஹெப்சிபா கேட்பாள். தூக்காவிட்டால் நாளைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டிரில்லை வைத்து அந்தப் பிடியைத் துளைப்பான். ரெண்டு தரம் என்றார் அண்ணாச்சி. போகட்டும், மானம்தானே, வீட்டுக்குப் போய் வாங்கிக்கட்டிக்கொள்வோம் என்று பாக்கியசீலன் நிஜமாகவே கையைத் தூக்க ஆரம்பித்தார். தோள் உயரத்துக்குக்கூட வந்திருக்காது.

"இருநூறு."

பெண்கள் பக்கமிருந்து வந்த குரல். ஹெப்சிபாவின் குரல்.

ஜெய்சன் விளையாட்டாக முந்நூறு என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்து, "ஐநூறு" என்றாள். ஞாயிறு பள்ளியில் அவனுக்கு வசனம் படிப்பித்தவள் அவள். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கம். கும்பிட்டுவிட்டுப் பின்வாங்கினான்.

"தங்கச்சி, இது தொறக்காது, பாத்துக்க. பெறவு வந்து என்னைச் சொல்லக்கூடாது" என்றார் அண்ணாச்சி.

"பரவால்ல அண்ணாச்சி, குடுங்க."

கத்தி கைப்பைக்குள் போனது. ஜிப் இழுபட்ட சத்தம் பாக்கியசீலனுக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது. கத்தி தப்பித்தது என்று நெஞ்சு ஒருபக்கம் இறங்கியது. அவள் நேரே ஆற்றில் போடத்தான் வாங்கியிருப்பாள் என்று மறுபக்கம் ஏறியது. ஏதாவது செய்யவேண்டுமே என்று இரண்டு கிலோ கருப்பட்டியை ஏலத்தில் எடுத்தார்.

வீடு ஆற்றுக்கு அக்கரையில், சிந்துபூந்துறையில். ஸ்கூட்டரில் பின்னால் ஹெப்சிபா. மடியில் கைப்பை, அதன்மேல் கருப்பட்டிப் பொட்டலம். பாலத்துக்கு முன்னால் போலீஸ் நின்றது. பாக்கியசீலனின் கெட்ட நேரத்துக்கு அதே புது எஸ்.ஐ. கை காட்டினார். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னார். ஜிப்பாப் பையைத் தொட்டுப் பார்த்தார். வேதாகம உறையை வாங்கி, ஜிப்பைத் திறந்து, உள்மடிப்பில் விரலை விட்டுப் பார்த்து மூடினார். பிறகு எஸ்.ஐ.யின் கண் ஹெப்சிபாவின் மடிக்குப் போனது.

"கோயிலுக்குப் போயிட்டு வாரோம் சார். பண்டிகை. கருப்பட்டி எடுத்துக்கிடுதீங்களா?"

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். "வேண்டாம்மா, போங்க."

பாலத்தின் நடுவே வந்தபோது தோளில் அந்தக் கை விழுந்தது. குலுங்கிக்கொண்டே விழுந்தது. அழுகிறாளோ என்று பதறி வண்டியை ஓரம்கட்டித் திரும்பினால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"மாடிப்பூட்டுச் சாவி இன்னும் ஆணியிலதான் தொங்குது" என்றாள். "பூட்டு ஆத்துக்குள்ள கெடக்கு."

"எப்பம்டி தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். துணி எடுக்க மாடிக்குப் போனா பூட்டக் காணும். எனக்கு என்ன புத்தியா இல்ல? பெறவு மாதர் சங்கத்துக்கு உங்க வேதாகமத்தத் தூக்கிட்டுப் போனேன். என் புத்தகத்துல எழுத்து பொடிசுல்லா. உறையத் தொறந்தா உள்ள இருந்து எட்டிப் பாக்கு."

பாக்கியசீலனுக்கு அந்தக் கேக் துணுக்கு நினைவுக்கு வந்தது. பாலத்துக்குக் கீழே ஆறு சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார். மனிதனுக்கு மாட்டிக்கொள்வதைவிட மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்ற பயம்தான் கஷ்டம் என்று அவருக்குத் தோன்றியது.

"தெரிஞ்சதுன்னா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா ஹெப்சி?"

"சொன்னா நீங்க வேற எங்கயாவது ஒளிச்சு வச்சிருவீங்க. பெறவு எனக்குக் கத்திக்கு எங்க போக?"

பாலம் இறங்கும் இடத்தில் ஒரு அம்மாள் கூடையில் கொய்யா வைத்திருந்தாள். ஹெப்சிபா வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு காய் வாங்கினாள். கைப்பையிலிருந்து கத்தியை எடுத்தாள். கண் கொய்யாவில் இருந்தது, பேச்சு கூடைக்கார அம்மாளோடு இருந்தது. கத்தியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பெருவிரல் தானாகப் போய் வால்பக்கத்து ஆணியை இடப்பக்கம் லேசாக அழுத்தியது. அலகு சத்தமில்லாமல் வெளியே வந்தது.

பாதியை அவரிடம் நீட்டினாள். மறுபாதியைக் கடித்துக்கொண்டே அலகைத் துடைத்து, மடக்கி, கைப்பையின் பக்க அறையைத் திறந்தாள். உள்ளே ஒரு கைக்குட்டை நாலாக மடித்துப் போட்டிருந்தது. போன மாதத்திலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்த நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. அதன்மேல் கத்தியைப் படுக்கவைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.