முப்பத்தொன்பது சரியான விடைகள்

"யாரு அவன்?"

அப்பா மூன்றாவது முறையாகக் கேட்டார். மோட்டார் பட்டறையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. கையிலிருந்த தாள்களில் அவருடைய விரல் கரி அப்பியிருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் சமையலறை வாசலில் தலை குனிந்து நின்றாள்.

"வாயத் தொறடி. எழுதத் தெரிஞ்சவளுக்குச் சொல்லத் தெரியாதா?"

"பேரு எழுத வேணாம், யாரும் படிக்க மாட்டாங்கன்னு அந்த மேடம் சொன்னாங்கப்பா..."

"யாரும் படிக்க மாட்டாங்கன்னா என்ன வேணா எழுதுவியா?"

அந்த மேடம் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு செய்பவள். வீட்டாரிடம் ஒட்டுதல் எப்படியோ, அப்படித்தான் பிள்ளைகள் பின்னால் ஒருவர்மேல் வைக்கும் காதலும், தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் விதமும் இருக்குமா என்பது அவளுடைய கேள்வி. பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி, நாற்பது கேள்வித்தாள்களைப் பள்ளியில் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனாள்.

பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்ததெல்லாம் பரீட்சை ஒன்றுதான். தாள் தொலைந்துவிடக் கூடாதே என்று வகுப்பாசிரியை ஒவ்வொன்றின் மூலையிலும் வருகைப் பதிவேட்டு எண்ணைக் குறித்தார். பிள்ளைகள் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று விடைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். 'கவலை வந்தால் யாரிடம் சொல்வீர்கள்?' அம்மாவிடம். 'யாரையாவது விரும்புகிறீர்களா?' இல்லை. 'உடலில் தொந்தரவு உண்டா?' இல்லை. முப்பத்தொன்பது பேர் அழகாகப் பார்த்து எழுதினார்கள். இவள் ஒருத்திதான் பலகையைப் பார்க்காமல் கேள்வியைப் பார்த்தவள்.

தலைமையாசிரியை அன்று மத்தியானமே அப்பாவைக் கூப்பிட்டு, அந்தத் தாளோடு புதுத்தாள் ஒன்றையும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழம, பத்து மணிக்குள்ள இதுல ஒழுங்கா எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா டி.சி. வாங்கிட்டுப் போகச் சொல்றாங்க. மத்த பிள்ளைங்கல்லாம் நல்லாத்தான எழுதியிருக்கு?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தாள்களை மேஜைமேல் எறிந்தார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

அவருக்குக் கை நீட்டும் பழக்கம் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோபம் வந்தால் பேச மாட்டார், அவ்வளவுதான். மூன்று நாள், நான்கு நாள். ஒருமுறை பதினோரு நாள். தங்கமான மனுஷன் என்றுதான் தெருவில் அவருக்குப் பெயர். எரிந்துபோன மோட்டாரை முகர்ந்தே எந்தக் கம்பிச்சுருள் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குள் எது கருகினாலும் அவர் மூக்குக்கு எட்டாது.

அம்மா தையல் கம்பெனியில் துணி தேய்ப்பவள். நாளெல்லாம் நின்ற காலோடு மகள் எழுதிய தாளை எடுத்து, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள்.

'விரும்புகிறீர்களா?' ஆம்.

'அவர் உங்களிடம் பேசத் தாமதித்தால்?' விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று பயமாக இருக்கும். அப்பா பேசாமல் இருக்கும் நாட்களில் வருகிற அதே பயம். அவன் பேசுவதற்காக எதற்கும் சரி என்று சொல்லிவிடுவேனோ என்றும் பயம்.

'உடலில் தொந்தரவு உண்டா?' மூன்று மாதமாக அடிவயிற்றில் வலி. மாதம் முடியுமுன்பே ரத்தம் படுகிறது.

'யாரிடம் சொன்னீர்கள்?' யாரிடமும் இல்லை. வீட்டில் சொன்னால் வலி எங்கே என்று கேட்க மாட்டார்கள், யார் என்று கேட்பார்கள்.

நாலு பக்கம் படித்த மனிதர் ஒரே ஒரு 'ஆம்' மட்டும் பார்த்திருக்கிறாரே என்று அம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. மகளிடம் போனாள்.

"ஏன்டி எங்கிட்டக்கூடச் சொல்லல?"

"பக்கத்து வீட்டு அக்கா வயித்துவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நீ என்னம்மா சொன்ன? நெருப்பில்லாமப் புகையுமான்னு கேட்டல்ல?"

கேட்டிருந்தாள். குழாயடியில், நாலு பேர் சிரிக்க. அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை புதுத்தாள் ஒரு கோடும் விழாமல் அப்படியே கிடந்தது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். கம்பெனில லீவு சொல்லிட்டேன்."

மௌனம் உடைந்தது. "பத்து மணிக்குள்ள அத எழுதிக் குடுக்கணும்!"

"பொய்ய எழுத மாட்டா. பள்ளிக்கூடம் வேற கெடைக்கும். ஒடம்பு வேற கெடைக்காது."

"கல்யாணம் ஆகாத பொண்ண அங்க கூட்டிட்டுப் போனா ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். வீட்டுலதான் நீங்க பேச மாட்டேங்கறீங்களே."

பத்து மணிக்குத் தலைமையாசிரியை முப்பத்தொன்பது தாள்களை ஆய்வுக்காரியிடம் கொடுத்து, ஒன்று கிழிந்துவிட்டது என்றார். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்து அவள் ஒரு கணம் புருவம் சுருக்கினாள். ஆனால் அறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. 'இப்பள்ளி மாணவியர் பெற்றோரிடம் கொண்டுள்ள பிணைப்பு மிகவும் உறுதியானது' என்று பின்னால் எழுதினாள். அந்த வரி இன்றும் பள்ளி அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

அதே பத்து மணிக்கு ஆஸ்பத்திரிப் பெண்கள் பிரிவில் சீட்டு எழுதும் நர்ஸ் நிமிராமலே உரக்கக் கேட்டாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

பெஞ்சில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. அம்மா வாயெடுப்பதற்குள் மகள் ஓரடி முன்னால் வந்தாள்.

"ஆகல. மூணு மாசமா வலிக்குது, ரத்தம் படுது. அத எழுதிக்கோங்க" என்றாள், பெஞ்சின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி.