குறுக்கே ஒரு தழும்பு

மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'நீளவாக்கு'. எலும்பிலும் தசையிலும் வரும் புற்றுக்கு அறுவை செய்பவள். பதினோரு வருடமாக ஒரே பல்லவியைப் பாடித் தொண்டைத் தண்ணி வற்றியவள். கை காலில் கட்டி என்றால் ஸ்கேன் பார்க்காமல் கத்தியைத் தொடாதே, தொட்டால் நீளவாக்கில் கீறு. அப்படிக் கீறினால் பிற்பாடு அந்தத் தழும்பையும் கட்டியோடு சேர்த்து எடுத்துக் காலைக் காப்பாற்றிவிடலாம். குறுக்கே கீறினாலோ, ரத்தம் கசிந்த இடமெல்லாம் புற்றும் பரவும். அப்படிக் காலை இழந்த அறுபத்து மூன்று பேரை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருந்தாள். யார் காதில் ஏறியது, சொல்லுங்கள்!

அன்று வார்டில் ஒரு தையல்காரரின் போர்வையை விலக்கினாள். தொடையின் உள்பக்கம் குறுக்கே நான்கு விரல் நீளத்துக்குத் தழும்பு; அதைச் சுற்றி மூன்று புது முடிச்சுகள். பழைய சீட்டில் 'கொழுப்புக் கட்டி, அகற்றப்பட்டது' என்று கோழிக்கிறுக்கல். அந்தக் கையெழுத்து, தனியாக கிளினிக் வைத்திருக்கும் அவளுடைய டாக்டர் அண்ணனுடையது.

ஸ்கேனில் கட்டி ரத்தக்குழாயையும் நரம்பையும் சுற்றி வளைத்திருந்தது. கால் இடுப்போடு போக வேண்டியதுதான்.

அண்ணனுக்குப் போன் செய்தாள். முதலில் மழுப்பினார், பிறகு குரல் உடைந்தது. அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அதைச் சொல்லிக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. அவரிடம் நோய் முற்றிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடு, அது பொய்யில்லையே என்றார். பொய்யில்லைதான், அந்தக் கண்றாவியைத்தான் அவள் இரவெல்லாம் மென்றுகொண்டிருந்தாள்.

காலையில் சம்மதப் படிவத்தோடு கட்டிலருகே உட்கார்ந்தாள். இனி மிஷினை மிதிக்க முடியுமா என்று தையல்காரர் கேட்டார். மோட்டார் பொருத்தி, இருக்கிற காலால் ஓட்டலாம் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, முதலிலேயே இங்கே வந்திருந்தால் கால் தங்கியிருக்குமா என்றார். வாய்வரை வந்த சமாதானத்தை அவள் விழுங்கினாள்.

"தங்கியிருக்கும். குறுக்க வெட்டினதாலதான் போச்சு. வெட்டினது எங்க அண்ணன்."

கத்துவார் என்று நினைத்தாள். முப்பது வருடம் துணி வெட்டிய மனிதர். இழை பார்க்காமல் வெட்டினால் என்னாகும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கேட்டார்.

"அவரு இன்னும் வெட்டிக்கிட்டுத்தான் இருக்காரா?"

"ஆமா" என்றாள் அவள்.